கவிழ்க்காத கிண்ணம்

மலைத்தேனுக்குக் காவல் இல்லாத காலத்தில், வேங்கைமலையை வேங்கைக்கோ என்றொரு அரசன் ஆண்டுவந்தான். அரசன் என்றதும் பொற்கூரை, யானைப்படை என்று நீங்கள் பாட்டுக்கு நினைத்துக்கொள்ள வேண்டாம். அவன் அரண்மனைக்கு மூங்கில் சுவர், புல் கூரை. சிங்காசனம் ஒரு பாறை, அதன்மேல் ஒரு புலித்தோல். அந்தப் புலித்தோலைப் பற்றிப் பின்னால் ஒரு பேச்சு வரும், மறந்துவிடாதீர்கள்.

அந்த மலைக்காரர்களுக்குத் தேறல் என்றால் உயிர். தேனை மூங்கில் குழாயில் ஊற்றி, வாயை மெழுகால் அடைத்து, மண்ணில் புதைத்துவைப்பார்கள். தினை அறுத்து முடிந்ததும் தோண்டி எடுப்பார்கள். அதற்குள் தேன் புளித்துப் பொங்கி, முகர்ந்தாலே மூக்கில் ஏறும் தேறலாகியிருக்கும். பக்குவம் பார்த்து அதை எடுத்துக் கொடுப்பவள் கொற்றி. அவளுக்கு வாய் குறைவு, மூக்கு அதிகம்.

அறுவடை முடிந்த மறுநாள், வெயில் தாழும் நேரத்தில், ஊர்த் தலைவர்கள் எல்லோரும் வேங்கை மரத்தடியில் வட்டமாக உட்காருவார்கள். ஆளுக்கொரு குழாய், ஆளுக்கொரு கிண்ணம். அந்தக் குடிக்கு மூன்று முறைகள் இருந்தன.

முதல் முறை, தன் கிண்ணத்தைத் தானே நிரப்பக் கூடாது. குழாய் உன்னுடையதுதான், ஆனால் உன் இடப்பக்கம் இருப்பவன்தான் அதை எடுத்து உனக்கு ஊற்ற வேண்டும். இரண்டாம் முறை, முதல் மூன்று கிண்ணத்தை மிச்சம் வைக்காமல் குடிக்க வேண்டும். மூன்றாம் முறைதான் பெரிது. கிண்ணம் கையில் இருக்கும்வரை எவனும் எதையும் பேசலாம், அரசனையே ‘நீ’ என்று கூப்பிட்டுத் திட்டலாம். பொழுது சாய்ந்ததும் எல்லோரும் கிண்ணத்தைக் கவிழ்ப்பார்கள். கிண்ணத்தோடு பேச்சும் கவிழ்ந்தது. மறுநாள் யாரும் அதை எடுக்கக் கூடாது, யாரையும் அதற்காகக் கேட்கக் கூடாது.

வருஷம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தவன் அன்றைக்குத் திறப்பான். பெண் கொடுத்தவன் மாப்பிள்ளையைத் திட்டுவான், மாப்பிள்ளை மாமனாரைத் திட்டுவான், கடைசியில் இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு பாடிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் மனசு லேசாக இருக்கும், தலை மட்டும் கனக்கும்.

அரசனுக்கு இடப்பக்கம் எப்போதும் உட்காருகிறவன் சேந்தன். ஊருக்கும் எதிர்மலைக்கும் நடுவே ஒரு பெரும் பள்ளம். அதன்மேல் காட்டுக்கொடிகளை முறுக்கிக் கட்டிய தொங்குபாலத்துக்குச் சேந்தன்தான் காவல்காரன். மீசை முளைத்த நாளிலிருந்து அரசன் கிண்ணத்துக்குத் தேறல் ஊற்றியவன் அவன். எவ்வளவு ஊற்றினால் அரசன் பாடுவான், எவ்வளவு ஊற்றினால் அழுவான் என்று அவன் கைக்குத் தெரியும்.

இப்படியிருக்கையில், ஒரு வருஷம் அறுவடை நாளில் அரசனுக்குக் காய்ச்சல். தேறல் உள்ளே போனால் ஆபத்து என்றான் வைத்தியன். குடிக்காத அரசனை ஊர் என்ன நினைக்கும்? வேங்கைக்கோ கிண்ணத்தை உதட்டில் வைத்தான், எடுத்தான், முதுகுக்குப் பின்னால் இருந்த இலைச்சருகில் கொட்டினான். குடிக்கிறவர்கள் நடுவே தெளிவாக உட்கார்ந்திருந்தது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

தெளிவாக இருக்கிறவன் காதில் எல்லாம் விழும். பாதிதான் விளங்கும், அதுதான் கஷ்டம்.

அவனுடைய மனைவியின் தம்பி, படைத்தலைவன் அழும்பன், கிண்ணத்தை ஆட்டியபடி சொன்னான். “மச்சான், அந்தப் பாறையில நான் உக்காந்திருந்தா இன்னும் எடுப்பா இருந்திருக்கும். உனக்கு முதுகே கூனிப் போச்சு.”

வேட்டைக்காரத் தலைவன் கடுவன் சொன்னான். “புலித்தோலு மேல உக்காந்துக்கிட்டு இருக்கியே, அந்தப் புலி உன் அம்புலயா செத்துச்சு? உன் அம்பு மரத்துல நின்னுச்சு. என் அம்புதான் கழுத்துல ஏறுச்சு.”

சேந்தன் தேறலை ஊற்றிக்கொண்டே சொன்னான். “பாலத்துக் கொடி இத்துக்கிட்டு வருது. புதுக் கொடி வெட்ட ஆளு கேட்டா, நீ எல்லாரையும் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போயிடுற. உன் வீட்டு ஆளு யாராச்சும் விழுந்தாத்தான் உனக்கு உறைக்கும்.”

வட்டமே சிரித்தது. அரசனும் சிரித்தான். கிண்ணங்கள் கவிழ்ந்தன. அரசனும் கவிழ்த்தான், ஆனால் அவன்தான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லையே. மூன்று பேச்சும் அவன் வயிற்றிலேயே தங்கிப் புளித்தது.

‘படைத்தலைவனுக்கு என் இருக்கை வேண்டும். வேட்டைக்காரன் என்னைக் கோழை என்கிறான். சேந்தன் என் குடும்பத்துக்குச் சாபம் கொடுக்கிறான். வருஷாவருஷம் இப்படித்தான் பேசியிருக்கிறார்கள், நான்தான் மயங்கிக் கிடந்திருக்கிறேன்’ என்று நினைத்தான். அன்றிலிருந்து அவனுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். இரண்டு பேர் சேர்ந்து நின்றால் சதி, தனியாக நின்றால் யோசனை. குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தால்கூட, யார் சொல்லிக்கொடுத்தது என்று அதன் தாயைப் பார்ப்பான்.

அடுத்த அறுவடை வந்தது. இந்தத் தடவை காய்ச்சல் இல்லை. ஆனாலும் அரசன் யாருக்கும் தெரியாமல் கொற்றியின் குடிசைக்குப் போனான்.

“என் குழாயில தேன்நீர் மட்டும் ஊத்து. இது உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியக் கூடாது” என்றான்.

கொற்றி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “சரிங்க ராசா” என்றாள்.

வேங்கை மரத்தடியில் மறுபடி வட்டம் கூடியது. சேந்தன் அரசனின் குழாயைத் திறந்து ஊற்றினான். ஊற்றும்போது ஒரு கணம் கையை நிறுத்தி அரசன் முகத்தைப் பார்த்தான், பிறகு நிரப்பினான். அரசன் தேன்நீரைக் குடித்துவிட்டு, தலையைத் தொங்கப்போட்டு, கண்ணைப் பாதி மூடி, காதை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டான்.

அதே அழும்பன், அதே பேச்சு. அதே கடுவன், அதே புலி. சேந்தன் மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அரசன் பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். “நடுப்பாலத்துல கொடி உள்ளுக்குள்ள செத்துப் போச்சு. மேல பார்த்தா பச்சையாத்தான் தெரியும். அடுத்த வருஷம் தாங்காது. கேட்டுக்கிட்டியா?”

மறுநாள் காலையில் அரசன் பாறையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். மூன்று பேரையும் கூப்பிட்டான். அழும்பனின் வாளைப் பிடுங்கித் தினைக் குதிருக்குக் காவலாகப் போட்டான். கடுவனின் வில்லை முறித்துப் போட்டான். சேந்தனைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் துரத்தினான்.

“எதிர்மலையில ஆடு மேய். என் வீட்டு ஆளு விழுறதைப் பார்க்க ஆசைப்பட்டவன் என் மலையில இருக்கக் கூடாது.”

ஊர் முணுமுணுத்தது. கிண்ணத்தைக் கவிழ்த்த பேச்சுக்குத் தண்டனையா? அப்படியானால் அரசன் நேற்று மயங்கவே இல்லையா? சேந்தன் பாலத்தில் எந்தக் கொடியில் கால் வைக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து நடந்து அக்கரை போய்ச் சேர்ந்தான்.

பாலத்துக்குப் புதுக் காவல்காரனாக மூக்கன் என்பவனை வைத்தார்கள். அவன் முதல் நாளே கொடியை நகத்தால் கீறிப் பார்த்தான், உள்ளே தூள் தூளாக உதிர்ந்தது. வாயைத் திறந்தவன் கதி என்ன ஆனது என்று அவனுக்குத் தெரியும். கீறிய இடத்தில் சாணியைப் பூசிவிட்டு வீட்டுக்குப் போனான்.

மூன்றாம் அறுவடை வந்தது. அந்த வருஷம் அரசனின் ஒரே மகள் நங்கைக்கு எதிர்மலைத் தலைவன் வீட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தேறல் வட்டம் முடிந்த மறுநாள் காலையில், தோழிகளும் சீர்வரிசையும் சூழ, பல்லக்கில் ஏறிப் பாலத்தைக் கடந்து போக வேண்டும் என்பது ஏற்பாடு. பாலம் இற்றுப்போனது மூக்கனுக்குத் தெரியும். மூக்கன் பெண்டாட்டிக்குத் தெரியும். அவள் வழியாக ஊருக்கே தெரியும். சேந்தன் சொல்லியும் அரசன் மனசில் மட்டும் பதியவில்லை.

அந்த வாரம் கொற்றியின் குடிசைக்குத் திருட்டுத்தனமாக ஆட்கள் வந்தபடி இருந்தார்கள்.

முதலில் அழும்பன் வந்தான். “அக்கா, என் குழாயில தேன்நீரு போதும். யாருக்கும் தெரிய வேணாம்.” பிறகு கடுவன் வந்தான். “யாருக்கும் தெரிய வேணாம்.” பிறகு மூக்கன் வந்தான். “யாருக்கும்...” என்று தொடங்குமுன்பே கொற்றி, “தெரிய வேணாம், போ” என்றாள். வட்டத்தில் உட்காருகிற ஒருவன் பாக்கியில்லை. குடித்தால் உளறுவோம், உளறினால் தலை போகும் என்று ஒவ்வொருவனும் தனித்தனியாகக் கண்டுபிடித்திருந்தான். கடைசியாக அரசன் வந்தான். கொற்றி எல்லோருக்கும் சொன்னதைத்தான் அவனுக்கும் சொன்னாள். “சரிங்க ராசா.”

அவள் மனசில் என்ன இருந்ததோ, அவளுக்குத்தான் வெளிச்சம்.

வெயில் தாழ்ந்தது, வட்டம் கூடியது. இடப்பக்கத்துக்காரன் ஊற்ற, வலப்பக்கத்துக்காரன் குடிக்க, கிண்ணம் கிண்ணமாகத் தேன்நீர் உள்ளே போயிற்று. அடுத்தவன் குழாயில் வாசனை இல்லை என்பது ஊற்றுகிறவனுக்குத் தெரிந்தது. இவனும் நம்மைப் போலத்தானா என்று ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துவிட்டு, ஒருவரையொருவர் மிஞ்சித் தள்ளாடினார்கள். கடுவன் உட்கார்ந்த இடத்திலேயே வழுக்கி விழுந்தான். மூக்கன் ஏப்பம் விட்டான். ஒருவன் மரத்தைக் கட்டிக்கொண்டு, நீதான் என் பெண்டாட்டி என்றான். உண்மையான குடிகாரன் எவனும் இவ்வளவு பாடுபட மாட்டான்.

தள்ளாடிக்கொண்டே என்ன பேசினார்கள்?

“அந்தப் பாறைக்கு உங்களை விட்டா யாரு மச்சான் பொருத்தம்?” என்றான் அழும்பன்.

“ஒரே அம்பு, புலி காலி. இந்தக் கண்ணால பார்த்தேனுங்க” என்றான் கடுவன்.

“உங்க பேரைச் சொன்னா பாலமே விறைச்சு நிக்குதுங்க ராசா” என்றான் மூக்கன்.

கிண்ணம் கையில் இருக்கும்போது ‘நீங்க’ என்று பேசுகிறார்களே என்று வேங்கைக்கோ கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. ஏனென்றால் அவன் கவனம் வேறோர் இடத்தில் இருந்தது. வாள் போனாலும் மைத்துனன் என்ற முறையில், சேந்தனின் இடத்தில் இப்போது அழும்பன் உட்கார்ந்திருந்தான். அவன் அரசனின் குழாயைத் திறந்ததும் புருவத்தை உயர்த்தினான். கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினான்.

அரசன் முதல் வாய் உறிஞ்சினான். தேன்நீர் இல்லை! தேறல், அதுவும் பழைய தேறல், தொண்டையைப் பிறாண்டிக்கொண்டு இறங்கியது.

‘கொற்றி என்னை விற்றுவிட்டாள். இதில் வேறு எதைக் கலந்திருக்கிறாளோ. அழும்பன் ஏன் இப்படி நிரப்புகிறான்? எல்லோரும் ஏன் என்னையே பார்க்கிறார்கள்?’

துப்பினால், நீ தேறல் குடிக்கவா வந்தாய் இல்லை வேவு பார்க்கவா என்று கேட்பார்கள். முதுகுக்குப் பின்னால் கொட்டலாம் என்றால், சுற்றிலும் ஒரு ஜோடிக் கண்கூட உண்மையில் மயங்கியிருக்கவில்லை. முதல் மூன்று கிண்ணம் மிச்சம் வைக்கக் கூடாது என்பது முறை. அரசன் செத்தாலும் சரி என்று கண்ணை மூடிக் குடித்தான். இரண்டாவதைப் பயந்துகொண்டே குடித்தான். மூன்றாவதைக் குடிக்கும்போது பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இத்தனை நாள் தேறல் படாத உடம்பு. சட்டென்று ஏறியது. அவன் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

“டேய், உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். போன வருஷம் நான் குடிக்கலடா. வெறும் தேன்நீரு. அதுக்கு முந்தின வருஷமும் குடிக்கல. உங்களைப் பிடிக்கத்தான் உக்காந்திருந்தேன். புலி என் அம்புல சாகல, அது எனக்கே தெரியும். முதுகு கூனிப் போச்சு, அதுவும் தெரியும். ராவெல்லாம் எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது. உங்க எல்லாரையும் பார்த்தா பயமா இருக்குடா.”

தள்ளாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அப்படியே நின்றார்கள். மரத்தைக் கட்டிக்கொண்டிருந்தவன் மெல்லக் கையை எடுத்தான்.

“சேந்தன் எங்கடா?” என்றான் அரசன். “அவன் ஊத்தினா இப்படி எரியாது. அவன் சொன்னதைக் கவுத்துட்டு மறக்கணும். நான் மறக்கல. வன்மத்தை மட்டும் வெச்சுக்கிட்டு, பாலத்தை மறந்துட்டேன். நாளைக்கு என் மக அதுலதான் போறா. எவனாச்சும் ஒருத்தன் எனக்கு உண்மையைச் சொல்லுங்கடா.”

அரசன் சிக்கிக்கொண்டான் என்பது அங்கே எல்லோருக்கும் புரிந்தது. அழும்பன் நினைத்திருந்தால் அன்றைக்கே அந்தப் பாறை அவனுக்குக் கிடைத்திருக்கும். பேசாமல் இருந்தாலே போதும், காலையில் மகள் பாலத்தோடு போய்விடுவாள், அரசன் உடைந்துபோவான். அழும்பன் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தான், அழுகிற மச்சானைப் பார்த்தான். மூக்கனின் விலாவில் ஒரு இடி இடித்தான்.

“சொல்லித் தொலைடா. கிண்ணம் இன்னும் கவுக்கல.”

மூக்கன் கிண்ணத்தைக் கையில் தூக்கிக் காட்டினான். “பாலம் இத்துப் போச்சு ராசா. ஆள் ஒருத்தன் பார்த்துப் பார்த்துப் போகலாம், பல்லக்குத் தாங்காது. நான்தான் சாணி பூசி மறைச்சேன். என்னைக் கொன்னாலும் சரி, புள்ளையை நீ அனுப்பிடாதே.”

அப்போதுதான் அந்த வட்டத்தில் அன்றைக்கு முதன்முதலாக ஒருவன் அரசனை ‘நீ’ என்றான்.

பொழுது சாய்ந்தது. எல்லோரும் கிண்ணத்தைக் கவிழ்த்தார்கள். அரசன் அழுததை அதன் பிறகு அந்த மலையில் எவரும் பேசவில்லை.

மறுநாள் காலையில், பல்லக்கின் கனத்துக்கு ஒரு பெரிய மரக்கட்டையைப் பாலத்தில் தள்ளிவிட்டார்கள். அது சரிந்துகொண்டே நடுப்பாலம் போய்ச் சேர்வதற்குள் கொடிகள் அறுந்தன. கட்டையும் பாலமும் பள்ளத்தில் விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் மேலே கேட்டது. கல்யாணக்கோலத்தில் நின்ற நங்கை தகப்பன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வேங்கைக்கோ நேராகக் கொற்றியிடம் போனான். “தேன்நீர்தானே கேட்டேன்?”

“எல்லாரும் கேட்டாங்க ராசா. ஒருத்தராச்சும் குடிச்சாத்தானே அது தேறல் வட்டம்?” என்றாள் கொற்றி. ஒரு குழாயை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

பாலம் இல்லாததால் அரசன் பள்ளத்தில் இறங்கி, ஆற்றைக் கடந்து, எதிர்மலை ஏறினான். ஆடுகளின் நடுவே பாறையில் சேந்தன் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அரசன் அவனுக்கு இடப்பக்கமாகப் போய் உட்கார்ந்தான். குழாயைத் திறந்து, சேந்தனின் கிண்ணத்தை நிரப்பினான்.

சேந்தன் கிண்ணத்தை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவன் ஒருநாளும் முகர்ந்ததில்லை.

“தேறல்தான்” என்றான் அரசன்.

“முதல்ல நீ குடி.”

அரசன் குடித்தான். பாதிக் கிண்ணத்தைச் சேந்தனிடம் நீட்டினான். “பாலம் விழுந்துருச்சு. நங்கை ஏறல. நீ சொன்னது சரி. நான் மயங்கலன்னு தெரியாம சொல்லிட்ட, நான் உன்னைத் தண்டிச்சுட்டேன்.”

சேந்தன் மிச்சத்தைக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டான்.

“யாரு சொன்னா தெரியாதுன்னு? ஊத்தினது நான்தானே. வாசனையே இல்ல. இத்தனை வருஷமா மயக்கத்துல இருக்குறவன்கிட்டயே சொல்லிக்கிட்டு இருக்கோம், இந்த வருஷம் தெளிவா இருக்கான், இப்பவாச்சும் காதுல ஏறும்னுதான் சொன்னேன்.”

ஆடுகள் மேய்ந்துகொண்டே அவர்களைத் தாண்டிப் போயின. பிறகு இரண்டு பேரும் கொடி வெட்டுவதற்காகக் காட்டுக்குள் இறங்கினார்கள். போகும்போது சேந்தன் பழக்கத்தில் கிண்ணத்தைக் கவிழ்க்கப் போனான். அரசன் அவன் கையைப் பிடித்து, அதை நிமிர்த்தியே வைத்தான்.

மனம் திறந்து பேசுகிறவனைக் குற்றம் பிடிப்பதற்காகவே காது கொடுக்கிறவனுக்கு, கடைசியில் பொய் மட்டும்தான் கேட்கக் கிடைக்கும்.